கொளத்தூரிலிருந்து கரிவலத்துக்கு ஒரு மீன்தொட்டி

சென்னை கொளத்தூரில் கலர்மீன் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெருவுக்குப் போனால், மீனைப் பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பாக்கெட் போடும் பையனின் கையைப் பாருங்கள். பாலித்தீன் பையின் அடி மூலைகள் இரண்டையும் முன்பே முறுக்கி ரப்பர் பேண்டு போட்டிருப்பான். சின்ன மீன் மூலைக்குள் போய்ச் சிக்கி நசுங்கிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. மீன் இருந்த தொட்டித் தண்ணீரையே ஒரு மக் மொண்டு ஊற்றுவான். மீனை விடுவான். பையின் கழுத்தைப் பிடித்துத் தண்ணீர் மட்டம் வரைக்கும் அமுக்கி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றுவான். சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயை உள்ளே விட்டு ஒரு திருகு திருகுவான். பை புஸ்ஸென்று உப்பும். கழுத்தை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டு அடுத்த பையை எடுப்பான். அரை நிமிடம் ஆகாது. பள்ளியில் வேதியியலில் எவ்வளவு மார்க் எடுத்திருப்பானோ தெரியாது. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் நாலு பக்கம் சொல்லப்போவதில் பாதி அவன் கையில் இருக்கிறது.

மீதிப் பாதியை நான் கற்றுக்கொண்டது, சென்னையைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போனபோது. ஊர், சங்கரன்கோவிலுக்கு வடக்கே, ராஜபாளையம் சாலையில் உள்ள கரிவலம்வந்தநல்லூர். யானை வலம் வந்த ஊர் என்று பேருக்குப் பொருள், எங்களுக்குக் கரிவலம். சுற்றுவட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் எங்கள் பால்வண்ணநாதர் கோயில் நெருப்புக்கு உரியது. சித்திரை, வைகாசியில் வந்து பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். எங்களிடம் இருந்தவை மூன்று கோல்டு ஃபிஷ், ஒரு டேங்க் கிளீனர் மீன், தனி ஜாடியில் மகள் வளர்க்கும் ஒரு ஃபைட்டர்.

சாமான் ஏற்ற வந்தவர் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியே தண்ணியோட தூக்கி வெச்சிரலாம் சார், மீன் பாட்டுக்கு வரும்" என்றார். பலருக்கும் தோன்றும் யோசனைதான். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 120 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 120 கிலோ. அசையாமல் நிற்கும் வரைக்கும் அந்த எடையைக் கண்ணாடி தாங்கும். வண்டி பிரேக் போடும்போது மொத்தத் தண்ணீரும் ஒரு பக்கம் போய் மோதும். கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு கோடு சிலிகோன் பசை மட்டுமே. பாதித் தண்ணீர் வைத்தால் மோதல் இன்னும் மோசம். குடத்தை நிறைத்துத் தூக்குவதற்கும் அரைக்குடம் தளும்புவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்ததுதானே. தொட்டி காலியாகப் போக வேண்டும். அடியில் கிடக்கும் கல்லைக்கூட எடுத்துவிட வேண்டும். மீன் பையில் வர வேண்டும்.

பை என்றதும் எல்லாருக்கும் வரும் பயம், மூச்சு முட்டிவிடுமே என்பது. கணக்கைப் பார்க்கலாம். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 8 மில்லிகிராம் சொச்சம். 30 டிகிரி ஆனால் ஏழரைக்கு இறங்கிவிடும். அதே ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோ சுமார் 270 மில்லிகிராம். ஆகவே பையில் தண்ணீர் நிறைய இருந்தால் மீனுக்கு நல்லது என்று நினைத்து கழுத்துவரை ஊற்றுவது, அதன் மூச்சில் மண்ணள்ளிப் போடுவதுதான். ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று. காற்றுக்குப் பதில் சிலிண்டர் ஆக்சிஜன் என்றால் இருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடும். ஐம்பது கிராம் எடையுள்ள ஒரு கோல்டு ஃபிஷ் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம் செலவழிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆறு லிட்டர் ஆக்சிஜன் உள்ள பையில் பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்குத் தேவையானதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. மீன் மூச்சுமுட்டிச் சாவது பெரும்பாலும் பையில் கூட்டம் சேர்த்தால், அல்லது வெயிலில் வைத்தால். வெப்பம் பத்து டிகிரி கூடினால் மீனின் உடல் ஆக்சிஜனை எரிக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தண்ணீரில் சரக்கு குறைகிற அதே நேரத்தில் தேவை கூடுகிறது.

வண்டியின் குலுக்கல் மீனுக்குத் தொந்தரவு என்று நினைக்கிறோம். ஓரளவுக்கு அது உதவி. பையின் மேல்பாதியில் இருக்கும் ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்குவதற்குத் தண்ணீர்ப் பரப்பு கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வங்காளத்து மீன்குஞ்சு வியாபாரிகளுக்கு இது பாலித்தீன் பை வருவதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். ஹண்டி என்ற வாயகன்ற பானையில் கெண்டைக் குஞ்சுகளை விட்டு ரயிலில் ஏற்றி, வழி நெடுகப் பானையை ஆட்டிக்கொண்டும் தண்ணீரைக் கையால் தட்டிக்கொண்டும் போவார்கள். கை ஓய்ந்தால் குஞ்சு போச்சு. பிறகு ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையை மண்ணெண்ணெய் டின்னுக்குள் இறக்கி அனுப்பும் முறை வந்து அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுத்தது. இன்றைய தெர்மாகோல் பெட்டி அந்த டின்னின் வாரிசு.

மகளின் ஃபைட்டர் கதை வேறு. அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்து அங்கே வைத்து, அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். குராமிக்கும் அதே ஏற்பாடு. நம் பனையேறிக் கெண்டைக்கும் அதேதான். 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, அந்த மீனைக் குளத்தோரத்துப் பனைமரத்தில் பிடித்ததாக எழுதி ஐரோப்பாவைத் திகைக்க வைத்தார். பனை ஏறியதா இல்லையா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும், தண்ணீருக்கு வெளியே அது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. சந்தையில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லாத பேசினில் விரால் நாள் முழுக்க உயிரோடு நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் காற்றைக் குடிக்கும் மீன்தான். ஃபைட்டருக்குச் சிலிண்டர் வேண்டாம். தனியாக ஒரு சின்னப் பை, அதில் கால் பங்கு தண்ணீர், மீதி சாதாரணக் காற்று. மேலே வந்து வாய் வைக்க இடம் இருந்தால் போதும்.

அப்படியென்றால் பையில் மீனைக் கொல்வது எது? அதன் கழிவு.

மீன் புரதத்தைச் செரித்து மிஞ்சும் நைட்ரஜனை நம்மைப்போல யூரியாவாக்கி வைத்துக்கொள்வதில்லை. பெரும்பகுதியை அம்மோனியாவாக, செவுள் வழியாகவே வெளியே விட்டுவிடுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து போய்விடும். மூன்று லிட்டர் பையில் எங்கே போகும்? அதனால்தான் கிளம்புவதற்கு முன் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை தீனியை நிறுத்த வேண்டும். வளர்ந்த மீனுக்கு இரண்டு நாள் பட்டினி ஒரு பொருட்டே இல்லை. எங்கள் வீட்டில் இதுதான் பெரிய சண்டை. "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வயிறார போட்டாத்தானேப்பா தாங்கும்?" என்று மகள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தாள். நமக்குக் கட்டுச்சோறு கட்டிப் பழகிய கை. மீன் விஷயத்தில் அந்தக் கட்டுச்சோறு விஷச்சோறு.

இனிமேல்தான் சுவாரசியம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கிறது. ஒன்று மின்னூட்டம் ஏறிய அம்மோனியம்; செவுளின் சவ்வைத் தாண்டி எளிதில் நுழையாது, ஏறக்குறைய சாது. மற்றது மின்னூட்டமில்லாத அம்மோனியா. நேரே உள்ளே போய் மீனை வாட்டும். எந்த வேடம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.எச். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் விஷ வேடம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 8 என்றால் நூற்றுக்கு ஐந்து. 9 என்றால் நூற்றுக்கு முப்பதைத் தாண்டிவிடும்.

கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தின் பக்கம் இழுக்கிறது; சோடா பாட்டிலில் நடப்பதுதான். பி.எச். இறங்குகிறது. ஆக, அம்மோனியா சேரச் சேர, அதன் பல்லைப் பிடுங்கும் வேலையும் கூடவே நடக்கிறது. இரவெல்லாம் மீன் தன் கழிவுக்குள்ளேயே மிதந்தும் உயிரோடு வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். காலையில் ஊர் வந்து, ஆசையாகப் பையைத் திறக்கிறோம். சோடா மூடியைத் திறந்த மாதிரி கரியமில வாயு வெளியேறுகிறது. பி.எச். மேலே ஏறுகிறது. ஓர் அலகு ஏறினால் விஷ அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்கு. பன்னிரண்டு மணி நேரம் சும்மா இருந்த தண்ணீர், திறந்த சில நிமிடங்களில் மாறிவிடுகிறது.

கடையிலிருந்து அரைமணி தூரம் வரும் மீனுக்குச் சொல்லப்படும் பாடம் ஒன்று உண்டு: பையைத் திறந்து, புதுத் தொட்டித் தண்ணீரை அரை டம்ளர் அரை டம்ளராக ஒரு மணி நேரம் ஊற்றிப் பழக்க வேண்டும். குறுகிய தூரத்துக்கு அது சரி. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த மீனுக்கு அதைச் செய்தால், கெட்டுப்போன தண்ணீரிலேயே அதை ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறோம். நீண்ட பயணத்துக்குப் பிறகு செய்ய வேண்டியது: பையைக் கட்டவிழ்க்காமல் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்வது, பிறகு திறந்த கையோடு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுவது. பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. சென்னைத் தண்ணீரில் வளர்ந்த மீனைத் திடுதிப்பென்று கரிவலத்துப் போர் தண்ணீரில் விடலாமா? எங்கள் வீட்டுப் போரில் வருவது உப்புத்தண்ணி. பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும். குடிக்கவும் உலை வைக்கவும் நல்லதண்ணிக் குழாய்தான். நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு மிகுந்தது, கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. அதனால் தண்ணீர் ஓயாமல் அதன் உடம்புக்குள் கசிந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் ஓயாமல் இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டே இருக்கும். வெளித் தண்ணீரின் கரைசல் சட்டென்று மாறினால் இந்த இறைப்புக் கணக்கு குலைகிறது. மெதுவாகப் பழக்கினால் அம்மோனியா. சட்டென்று விட்டால் இந்த அதிர்ச்சி. இரண்டு பக்கமும் இடி.

அவிழ்க்கும் வழி எளிது, சுமக்கத்தான் கனம். பழைய தண்ணீரையும் கொண்டு வருவது. குடிதண்ணீர்க் கேன் இரண்டில் நாற்பது லிட்டர் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டோம். ஊர் வந்ததும் தொட்டியை வைத்து, முதலில் அந்த நாற்பது லிட்டரை ஊற்றி, அதில்தான் மீனை விட்டோம். மீனைப் பொறுத்தவரை அது சென்னையை விட்டுப் போகவே இல்லை. அப்புறம் நாளுக்குப் பத்து லிட்டராக ஊர்த் தண்ணீரைச் சேர்த்தோம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைக்கலாம். அவசரமென்றால் ஹைப்போ படிகம் இரண்டு போதும்; அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் போட்டோ கழுவிய அதே ஹைப்போ.

தண்ணீரைவிடவும் முக்கியமான ஒரு சாமான் உண்டு. அது ஃபில்டருக்குள் இருக்கும் அந்த அழுக்கு ஸ்பாஞ்ச். இதை நான் சொல்வதற்கு ஒரு வயிற்றெரிச்சல் காரணம். பல வருடம் முன்பு, சென்னைக்குள்ளேயே வீடு மாறியபோது, சுத்தமாக எடுத்துப் போவோமே என்று ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து, சாயம் போன துணி மாதிரி வெளுக்கவைத்து எடுத்துப்போனேன். மீன் எல்லாம் நலமாக வந்து சேர்ந்தது. நாலாம் நாள் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தது. எட்டாம் நாள் தொட்டி காலி. வழியில் ஏதோ அடிபட்டிருக்கும் என்று வண்டியைக் குறை சொன்னேன். வண்டி என்ன செய்யும்? கொன்றது நான்.

ஸ்பாஞ்சின் துளை துளையில் ஒட்டியிருக்கும் அந்தப் பழுப்பு வழவழப்பில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அதுவும் மீனுக்கு விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் ஒரு தொட்டியில் ஊன்றிப் பெருக மூன்று நாலு வாரம் பிடிக்கும். நான் கழுவி ஊற்றியது அழுக்கை இல்லை, தொட்டியின் சிறுநீரகத்தை. ஸ்பாஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீரில் நனைத்தபடி, மூடி இறுக்காத டப்பாவில், காற்றுப் படும்படி கொண்டுவர வேண்டும். அந்த பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். பெட்டி ஃபில்டரை அப்படியே தண்ணீரோடு இறுக்கி மூடிப் பத்து மணி நேரம் வைத்தால் உள்ளே அவை செத்து நாறிவிடும். அடியில் கிடந்த கல்லில் ஒரு கை அள்ளி, கழுவாமல், ஈரத்தோடு எடுத்து வைப்பதும் நல்லது. இந்த முறை ஸ்பாஞ்ச் டப்பாவை மனைவி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். திருமங்கலம் தாண்டியபோது, "இந்த நாத்தத்துக்கா எனக்கு முன்சீட்டு?" என்று கேட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் கிளம்பினோம். வெயில் தாழ்ந்திருக்கும், காலையில் வெளிச்சத்தில் தொட்டி அமைக்கலாம். பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் படுக்கவைத்து, இடைவெளியில் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே இருட்டு. இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும், செலவும் குறையும். தெர்மாகோல், குளிர வைப்பதற்கு இல்லை, ஏறி இறங்காமல் வைப்பதற்கு. ஐஸ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது குளிர்நாட்டு மீனுக்கு. 1864-ல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு நார்ஃபோக் என்ற பாய்மரக் கப்பலில் டிரவுட் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, பூமத்திய ரேகையைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பொரிக்க வைத்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு, நம் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர ஃபிரான்சிஸ் டே முயன்று தோற்றிருந்தார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய அதே டே. ஊட்டி ஓடைகளில் டிரவுட் நிலைக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. நம் ஊர்த் தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் வெப்பநாட்டு மீன்கள். பையின்மேல் ஐஸ் கட்டியை வைத்தால் விறைத்துவிடும்.

பொதிகை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் ஏறி, பெட்டியைச் சீட்டுக்கடியில் வைத்து, காலையில் சங்கரன்கோவிலில் இறங்குவதும் நல்ல வழிதான். ரயில் சீராக ஆடும். ஆம்னி பஸ்ஸில் அடிப்பெட்டியில் மட்டும் போடாதீர்கள். இன்ஜின் சூடு அங்கே வரும். டீக்கடையில் நிறுத்தினால் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லாரும் இறங்கிப் போவதும் கூடாது. பகல் வெயிலில் பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்பு.

டேங்க் கிளீனர்தான் எங்களுக்குத் தண்ணி காட்டியது. அதன் முதுகிலும் பக்கத்துடுப்பிலும் இருக்கும் முள் பாலித்தீனைக் குத்திவிடும். ஒரு பைக்குள் இன்னொன்று போட்டோம், அதையும் துளைத்தது. கடைசியில் மூடி போட்ட பெயிண்ட் வாளியில், பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை மாட்டி, கால் சந்தில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் குட்டி பம்ப் ஊரில் மின்வெட்டு நேரத்தில் இன்னொரு முறை கைகொடுத்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்தார். கேன் இரண்டையும் பார்த்துவிட்டு, "மெட்ராஸ்ல இருந்து தண்ணியச் சொமந்துட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். ஒரு முழத்துக்கு வளர்ந்திருந்த டேங்க் கிளீனரைக் காட்டி, "இத எதுக்கு வெச்சு அழுதுகிட்டு? கண்மாய்ல விட்டுருங்களேன், அது பாட்டுக்குப் பொழைச்சுக்கிடும்" என்றார்.

பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் ஆபத்து. தென்னமெரிக்க மீன் அது. நம் தண்ணீரில் அதைத் தின்ன ஆளில்லை. கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும், வலையில் ஏறினால் முள்ளால் வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டு ஏரிகளில் ஏற்கெனவே பல இடங்களில் அது சிக்குகிறது. எல்லாம் யாரோ இரக்கப்பட்டு விட்டவைதான். ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்கு வந்தது 1952-ல், வளர்ப்புக்கென்று. இன்று எந்தக் கண்மாயில் வலை போட்டாலும் முதலில் ஏறுவது அதுதானே என்றேன். அண்ணாச்சி ஜிலேபி கெண்டைக் குழம்பைப் பற்றி உயர்வாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டேங்க் கிளீனர் இப்போது புறவாசலில் சிமெண்ட் தொட்டியில் இருக்கிறது. துணி அலச அந்தத் தொட்டிதான் வசதியாக இருந்தது என்று மதினி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.